தூக்க மாத்திரை அட்டையில் சிவப்புக் கட்டம் ஏன்? கர்னல் ராம்நாத் சோப்ராவின் வாழ்க்கையில் இருக்கிறது பதில்

உங்கள் வீட்டில் அப்பத்தாவோ அம்மாச்சியோ தூக்க மாத்திரை போடுகிறார்களா? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த மாத்திரை அட்டையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அல்பிரசோலம், டையசெபம், நைட்ரசெபம், சோல்பிடெம் என்று எந்தப் பெயர் இருந்தாலும், சிவப்புக் கோடு போட்ட ஒரு கட்டம் இருக்கும். மருத்துவர் சொல்லாமல் இதைச் சாப்பிடுவது ஆபத்து, சீட்டு இல்லாமல் கடையில் விற்கக் கூடாது என்று அந்தக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

நம்மில் பெரும்பாலானோர் அதைப் படிப்பதில்லை. தேனி, கம்பம், போடி பக்கம் அப்பா அம்மாவை விட்டுவிட்டு சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர்களுக்கு, ராத்திரி அவர்கள் நிம்மதியாகத் தூங்கினாலே போதும் என்றுதான் தோன்றும். ஆனால் வயதானவர்கள் நடுராத்திரியில் எழுந்து, தடுமாறி விழுந்து, இடுப்பை உடைத்துக்கொள்வதற்கு இந்த மாத்திரைகளும் ஒரு முக்கியக் காரணம். அட்டையில் உள்ள எச்சரிக்கை வெறும் சடங்கு கிடையாது.

அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். பெயர், கர்னல் சர் ராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று மருத்துவ உலகம் இவரை அழைக்கிறது. இவர் நினைவாக 1983-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. மருந்தியல் படிக்காதவர்களுக்கு இந்தப் பெயர் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இவர் போட்ட அடித்தளத்தின் மேல்தான் இன்றைக்கு நாட்டில் உள்ள ஒவ்வொரு மெடிக்கல் ஷாப்பும் இயங்குகிறது.

யார் இந்த சோப்ரா?

1882 ஆகஸ்ட் 17 அன்று பஞ்சாபின் குஜ்ரன்வாலாவில் பிறந்தவர். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. லாகூர் அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு, 1900-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜில் முதலில் இயற்கை அறிவியல், பிறகு மருத்துவம்.

அங்கேதான் வால்டர் டிக்சன் என்ற ஆசிரியர் கிடைத்தார். மருந்து உடம்புக்குள் போனதும் இதயத்தை, நரம்பை, ரத்தக் குழாயை என்ன செய்கிறது என்பதை அளந்து பார்க்கும் மருந்தியல் என்ற துறை அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு மருந்து நல்லது என்று நாலு பேர் சொன்னால் போதாது, எவ்வளவு கொடுத்தால் என்ன நடக்கிறது என்று காட்ட வேண்டும். இந்தப் பாடத்தை சோப்ரா கடைசிவரை விடவில்லை.

1908-இல் இந்திய மருத்துவப் பணிக்குத் தேர்வானார். அன்றைக்கு ஆங்கிலேயர்களே நிறைந்திருந்த பணி அது. முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். பெயருக்கு முன்னால் கர்னல் ஒட்டிக்கொண்டது இந்த வழியில்தான்.

கல்கத்தாவில் ஒரு புது ஆய்வகம்

1921-இல் அவர் வாழ்க்கை திசை மாறியது. கல்கத்தாவில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி அப்போதுதான் தொடங்கியிருந்தது. அதன் மருந்தியல் பேராசிரியராக சோப்ரா நியமிக்கப்பட்டார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் பாடம் நடத்தினார். பிற்பாடு அந்தப் பள்ளிக்கே இயக்குநரும் ஆனார்.

அன்றைய நிலையை யோசித்துப் பாருங்கள். இந்தியச் சந்தையில் இரண்டு வகை மருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று, கப்பலில் வந்து இறங்கும் வெளிநாட்டு மருந்து. இன்னொன்று, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வேர், பட்டை, இலை. முதலாவதை வெள்ளைக்கார டாக்டர்கள் நம்பினார்கள். இரண்டாவதை ஊர் மக்கள் நம்பினார்கள். இரண்டுமே அளந்து பார்க்கப்படாமல் இருந்தன.

சோப்ரா நாட்டு மருந்துகளைத் தள்ளிவிடவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடவும் இல்லை. வேரை வாங்கினார். அதன் சத்தை வேதியியல் முறையில் பிரிக்கச் செய்தார். விலங்குகளில் சோதித்தார். பிறகு நோயாளிகளிடம் வந்தார். இப்படிச் சேர்த்ததையெல்லாம் 1933-இல் இந்திய நாட்டு மருந்துகள் பற்றிய பெரிய நூலாக வெளியிட்டார். அந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் புரட்டும் புத்தகம் அது.

தூக்கம் தந்த வேர்

அந்த ஆய்வகத்துக்கு வந்த வேர்களில் ஒன்று சர்ப்பகந்தா. பீகார் பக்கத்தில் தூக்கம் வராதவர்களுக்கும் மனநோயாளிகளுக்கும் காலங்காலமாகக் கொடுத்துவந்த மூலிகை. அழுகிற குழந்தையைத் தூங்க வைக்கக்கூட இதைக் கொடுத்ததாகப் பதிவுகள் உண்டு.

1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு கல்கத்தா மருத்துவர்கள், இந்த வேர் மனநோயில் அமைதி தருகிறது, உயர் ரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டில் டெல்லியில் சலிமுஸ்ஸமான் சித்திகி அந்த வேரிலிருந்து பல வேதிப்பொருட்களைப் பிரித்தெடுத்தார். 1933-இல் சோப்ராவும் அவருடைய சகாக்களும் அந்த வேரின் சத்தை ஆய்வகத்தில் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். மூளையை அமைதிப்படுத்துகிறது, ரத்த அழுத்தத்தை இறக்குகிறது என்ற இரண்டு விளைவுகளும் அங்கே பதிவாகின.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தூக்கத்துக்காகக் கொடுத்த ஒரு மருந்து, தூக்கத்தோடு நிற்கவில்லை. அது ரத்த ஓட்டத்தையும் தொட்டது.

அடுத்த 20 ஆண்டுகளில் சர்ப்பகந்தாவின் கதை உலகம் சுற்றியது. 1949-இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், ரத்த அழுத்த நோயாளிகளிடம் அதன் பலனை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அதன் முக்கியச் சத்தான ரெசர்பைனைப் பிரித்தெடுத்தார்கள். உலகமெங்கும் மாத்திரையாக வந்தது. வந்த வேகத்திலேயே அதன் மறுபக்கமும் தெரிந்தது. சிலருக்கு மனச்சோர்வு. சிலருக்கு உட்கார்ந்து எழுந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்கி, தலைசுத்தல்.

எழுந்ததும் கிறக்கமாக வருது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதேதான்.

தூக்க மருந்தே பழக்கமாகிவிட்டால்?

சோப்ராவின் இன்னொரு பெரிய வேலை, போதைப் பழக்கம் பற்றியது. அபின், கஞ்சா, கொக்கைன் என்று ஒவ்வொன்றாக எடுத்து, நாட்டில் யார் பயன்படுத்துகிறார்கள், எப்படிப் பழகுகிறார்கள் என்று களத்தில் இறங்கி விசாரித்தார்.

அந்த வரிசையில் 1932-இல் அவரும் ஜி.எஸ். சோப்ராவும் இந்திய மருத்துவ கெசட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பில் இருந்தவை குளோரல் ஹைட்ரேட்டும் பாரால்டிஹைடும். இரண்டுமே அந்தக் காலத்துத் தூக்க மருந்துகள். குளோரல் ஹைட்ரேட்தான் வேதியியல் கூடத்தில் தயாராகி, 1869 முதல் மருத்துவர்கள் கையில் புழங்கிய முதல் தூக்க மருந்து. அபினையும் கஞ்சாவையும் பார்த்த அதே கண்ணோடு, டாக்டர் எழுதிக் கொடுக்கும் தூக்க மருந்தையும் சோப்ரா பார்த்தார். மருந்துக் கடையில் கிடைக்கிறது என்பதாலேயே ஒரு பொருள் பழக்கமாகாது என்று நினைத்துவிட முடியாது. தொண்ணூறு வருஷத்துக்கு முன்பு எழுதப்பட்டது, இன்றைக்கும் பொருந்துகிறது.

கொயினாவில் கலப்படம்

சரி, இவர் சட்டத்துக்குள் எப்படி வந்தார்? அதற்கு ஒரு காய்ச்சலின் கதை தெரிய வேண்டும்.

மலேரியா அன்றைக்கு இந்தியாவின் பெரிய எமன். கம்பம் பள்ளத்தாக்குக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் வயல்களுக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணையை 1887 முதல் 1895 வரை கட்டியபோது, காட்டுக்குள் வேலை செய்த தொழிலாளர்களில் பலரைக் காய்ச்சல்தான் கொண்டுபோனது. ஏல மலைக்கு வேலைக்கு ஏறியவர்களும் அதே காய்ச்சலோடு இறங்கினார்கள். அதற்கு இருந்த ஒரே நம்பகமான மருந்து கொயினா.

அந்தக் கொயினாவிலேயே மோசடி நடந்தது. அளவு குறைந்த மாத்திரை, கலப்பட மாத்திரை, சத்தே இல்லாத மாத்திரை என்று சந்தையில் புழங்குவதாக 1920-களில் புகார்கள் குவிந்தன. மருந்தின் தரத்தைக் கேட்க நாடு முழுவதுக்குமான சட்டம் எதுவும் அப்போது இல்லை. மருந்து கலந்து கொடுப்பவர் படித்தவரா என்று கேட்கவும் வழி இல்லை. யார் வேண்டுமானாலும் கடை போடலாம், எதை வேண்டுமானாலும் பாட்டிலில் ஊற்றி விற்கலாம்.

1930-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு மருந்து விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் சோப்ரா. குழு விசாரித்து, 1931-இல் அறிக்கை கொடுத்தது. முக்கியப் பரிந்துரைகள் மூன்று. மருந்துகளின் தரத்தைக் கட்டுப்படுத்த மத்தியச் சட்டம் வேண்டும். மருந்துகளைச் சோதிக்க அரசு ஆய்வகங்கள் வேண்டும். மருந்து கலப்பதும் விற்பதும் பயிற்சி பெற்றவர்கள் கையில் இருக்க வேண்டும்.

அறிக்கையிலிருந்து சட்டம் வரை

வேலை உடனே நடந்துவிடவில்லை. 1937-இல் கல்கத்தாவில் மருந்துகளைச் சோதிக்கும் உயிர்வேதியியல் தரப்படுத்தல் ஆய்வகம் வந்தது. இன்றைய மத்திய மருந்து ஆய்வகத்தின் முன்னோடி அதுதான். அறிக்கை வந்து ஒன்பது வருஷம் கழித்து, 1940-இல் மருந்துச் சட்டம் நிறைவேறியது. 1945-இல் அதன் விதிகள் வந்தன. 1948-இல் மருந்தாளுநர்களுக்கான சட்டம் வந்தது. மெடிக்கல் ஷாப்பில் பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட் இருக்க வேண்டும் என்று இன்று நாம் எதிர்பார்ப்பது இந்த வரிசையில் வந்ததுதான்.

மருந்துகளைப் பட்டியல் பட்டியலாகப் பிரித்ததும் இதே விதிகளின் கீழ்தான். ஒரு முனையில், ஆயிரம் பேருக்கு மேல் இல்லாத சின்ன ஊர்களில் தலைவலி, காய்ச்சலுக்கான சில சாதாரண மருந்துகளை உரிமம் இல்லாமலே விற்க அனுமதி உண்டு. டாக்டர் இல்லாத ஊர்க்காரர்கள் கஷ்டப்படக் கூடாது என்பதற்கான சலுகை அது. மறுமுனையில், சீட்டு இல்லாமல் தொடவே கூடாத மருந்துகள். தூக்க மாத்திரைகள் இந்த மறுமுனையில் இருக்கின்றன.

2013-இல் இந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. ஷெட்யூல் எச்-1 என்ற புதிய பட்டியல் அறிவிக்கப்பட்டு, 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆன்டிபயாடிக், காசநோய் மருந்துகளோடு அல்பிரசோலம், டையசெபம், நைட்ரசெபம், சோல்பிடெம் ஆகியவையும் அதில் சேர்ந்தன. இவற்றை விற்கும் கடைக்காரர் தனிப் பதிவேடு வைக்க வேண்டும். எழுதிக் கொடுத்த மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் அதில் ஏற வேண்டும். அந்தப் பதிவேடு மூன்று ஆண்டுகள் இருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டம் வந்தது இந்த விதியால்தான்.

கடைசிக் காலம்

1941-இல் சோப்ராவுக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு கல்கத்தாவிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் ஓய்வெடுக்கவில்லை. ஜம்மு காஷ்மீருக்குப் போய், அங்கே மருந்து ஆராய்ச்சிக் கூடத்தை உருவாக்கி நடத்தினார். அதுதான் இன்றைக்கு மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் ஜம்முவில் இயங்கும் ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம்.

சுதந்திரத்தை ஒட்டி, ஆயுர்வேதம், சித்தா, யுனானி போன்ற முறைகளை என்ன செய்வது என்று ஆராய 1946-இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதற்கும் தலைவர் இவரே. மரபு மருத்துவமும் நவீன மருத்துவமும் தனித்தனித் தீவுகளாக நிற்க வேண்டாம், சோதித்துப் பார்த்து ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளட்டும் என்ற திசையில் 1948-இல் அந்த அறிக்கை வந்தது. 1956-இல் இந்திய மூலிகைகளுக்கான அகராதி ஒன்றையும் சகாக்களோடு சேர்ந்து வெளியிட்டார். 1973 ஜூன் 13 அன்று, 90 வயதில் காலமானார்.

அவருக்குப் பிறகு தெரியவந்தது என்ன?

சோப்ரா வாழ்ந்த காலத்திலேயே தூக்க மாத்திரை உலகம் மாறிவிட்டது. லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் அமெரிக்காவில் ரோஷ் நிறுவனத்தில் கண்டுபிடித்த பென்சோடையசெபின் வகை மருந்துகள், 1960-இல் லிப்ரியம், 1963-இல் வேலியம் என்ற பெயர்களில் கடைக்கு வந்தன. பழைய தூக்க மருந்துகளில் அளவு கொஞ்சம் கூடினாலே உயிர் போகும். இவை அந்த அளவுக்கு ஆபத்தில்லை என்பதால் உலகமே பெருமூச்சு விட்டது. பாதுகாப்பான மாத்திரை என்ற பெயரும் வந்தது.

ஆனால் அந்தப் பாதுகாப்பில் ஒரு ஓட்டை இருந்தது. சோப்ரா மறைந்து 14 ஆண்டுகள் கழித்து, 1987-இல், அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெய்ன் ரே குழுவினர் ஒரு கணக்கைப் போட்டார்கள். இடுப்பு எலும்பு முறிந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களை, முறியாத ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். உடம்பில் நீண்ட நேரம் தங்கும் தூக்க மாத்திரைகளை எடுத்தவர்களுக்கு இடுப்பு முறியும் வாய்ப்பு சுமார் 1.8 மடங்கு இருந்தது.

இதன் பிறகு வந்த சோல்பிடெம் சீக்கிரம் உடம்பைவிட்டுப் போய்விடும், அதனால் சிக்கல் இல்லை என்று பலர் நினைத்தார்கள். 2013-இல் மேயோ கிளினிக் தன் மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளை வைத்து வெளியிட்ட ஆய்வு அதையும் உடைத்தது. சோல்பிடெம் கொடுக்கப்பட்டவர்களில் 3 சதவீதம் பேர் வார்டிலேயே கீழே விழுந்தார்கள். எழுதப்பட்டிருந்தும் மாத்திரையை எடுக்காதவர்களில் விழுந்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே ஆண்டு அமெரிக்க மருந்து நிர்வாகம், பெண்களுக்கான சோல்பிடெம் ஆரம்ப அளவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது. காரணம், மறுநாள் காலையிலும் மருந்து ரத்தத்தில் மிச்சமிருந்தது.

முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை வரிசைப்படுத்தும் பியர்ஸ் பட்டியல் 1991 முதல் மருத்துவர்கள் கையில் இருக்கிறது. பென்சோடையசெபின் வகையும் சோல்பிடெமும் இன்று அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

ராத்திரி உடம்புக்குள் என்ன நடக்கிறது?

தூக்க மாத்திரை மூளையின் பிரேக்கை அழுத்துகிறது. தூக்கம் வருவது அதனால்தான். ஆனால் அதே பிரேக் உடம்பின் சமநிலையையும், தசைகளின் பிடிப்பையும், கால் இடறினால் சட்டென்று சுதாரிக்கும் வேகத்தையும் சேர்த்தே குறைக்கிறது.

வயதாக ஆக, கல்லீரல் மருந்தைக் கழிக்கும் வேகம் குறையும். உடம்பில் கொழுப்பின் பங்கு கூடும். டையசெபம் போன்றவை கொழுப்பில் போய்த் தங்கிக்கொள்ளும். இளைஞருக்கே அதில் பாதி கழிய ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். எழுபது வயதில் அது நாட்கணக்கில் இழுக்கும். தினமும் ஒன்று போட்டால், நேற்றைய மாத்திரை கழியும் முன்பே இன்றைய மாத்திரை உள்ளே போகிறது.

இதோடு பி.பி. மாத்திரையும் சேர்கிறது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அவை அவசியமானவை, நிறுத்தக் கூடாதவை. ஆனால் அரசுப் பணியாளர் கொடுக்கும் பி.பி. மாத்திரை பற்றித் தூக்க மாத்திரை எழுதிய தனியார் டாக்டருக்குத் தெரியாமல் இருக்கலாம். இவருக்கு அது தெரியாது, அவருக்கு இது தெரியாது. இரண்டும் சந்திக்கும் இடம் நோயாளியின் உடம்பு மட்டும்தான். படுத்திருப்பவர் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளிக்கு மேல் இறங்கினால், அது விழுவதற்கான எச்சரிக்கை.

இப்போது வீட்டை நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் கழிப்பறை பெரும்பாலும் கொல்லைப்புறத்தில். நடுவில் ஒரு உயரமான நிலைப்படி, இரண்டு கல் படி, ஈரத் தரை, எட்டாத இடத்தில் ஸ்விட்ச். ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்றுக்குப் போக எழும் அப்பத்தாவுக்கு இத்தனையும் அரைத் தூக்கத்தில் கடக்க வேண்டிய தடைகள்.

உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி, கீழே விழுந்து ஆண்டுக்கு சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் உலகில் இறக்கிறார்கள். இதில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். உயிர் பிழைத்தாலும் இடுப்பு முறிந்தவர்களில் பலர் பழையபடி தனியாக நடமாடுவதில்லை. அதுவரை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டவர், ஒரே ராத்திரியில் இன்னொருவர் கையை எதிர்பார்க்கிறவர் ஆகிவிடுகிறார்.

சட்டம் எங்கே வழுக்குகிறது?

சோப்ராவின் குழு கேட்டவையெல்லாம் இன்று காகிதத்தில் இருக்கின்றன. சட்டம், ஆய்வகம், ஃபார்மசிஸ்ட், சீட்டு, பதிவேடு, சிவப்புக் கட்டம். ஆனால் பழைய அட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு போய், இதே மாதிரி பத்து குடுங்க என்று கேட்கும்போது இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மலையடிவாரக் கிராமத்திலிருந்து டாக்டரைப் பார்க்கக் கம்பத்துக்கோ தேனிக்கோ வந்துபோனால் ஒரு நாள் கூலி போச்சு. கூட வர ஆள் வேண்டும். அதனால் ஒரு வாரத்துக்கு எழுதிய மாத்திரை ஒரு வருஷம் ஓடுகிறது. டாக்டர் எழுதியது பத்து நாளுக்கு, அதுவும் கணவர் இறந்த துக்கத்தில் தூக்கம் வராததற்கு. பத்து நாளில் முடிய வேண்டிய மாத்திரை அப்படியே அன்றாடச் சாப்பாட்டில் சேர்ந்துவிடும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும், அம்மா கேட்குதே என்று ஆன்லைனில் தேடி அனுப்பிவிடுகிறோம்.

நாம் என்ன செய்யலாம்?

முதல் விஷயம், இதைப் படித்ததும் மாத்திரையைப் பிடுங்கித் தூரப் போடாதீர்கள். நாள்பட எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், பதற்றம் வரும், வலிப்புகூட வரலாம். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

மற்றவை நம் கையில் இருப்பவை:

• வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு, ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ, எங்கே என்றாலும் சரி. சளி, அரிப்புக்குப் போடும் சில மாத்திரைகளும் தூக்கத்தைக் கூட்டும். அவற்றையும் எடுத்துப் போங்கள்.

• படுத்தபடி ஒரு முறை, நின்றபடி ஒரு முறை பி.பி. பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

• கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை முறை விழுந்தீர்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

• மருத்துவமனையில் சேர்த்திருந்தால், ராத்திரி தூக்க மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று நர்ஸிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். கொடுத்திருந்தால், அவர்கள் எழும்போது துணைக்கு இருப்பவரும் எழ வேண்டும்.

• கட்டிலிலிருந்து எழும் முன் ஒரு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். கழிப்பறை வரை ஒரு ராத்திரி விளக்கு, சுவரில் ஒரு கைப்பிடி. இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

• பகல் தூக்கத்தைக் குறைப்பது, சாயங்காலத்துக்குப் பிறகு காபி, டீயைத் தவிர்ப்பது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது. தூக்கமின்மைக்கு மருத்துவர்கள் முதலில் சொல்லும் வழி இந்த மாதிரிப் பழக்க மாற்றங்கள்தான்.

கொயினாவில் மாவு கலந்தவர்களிடமிருந்து மக்களைக் காப்பாற்ற சோப்ரா கேட்டது ஒரு சட்டம். அது கிடைத்தது. இன்றைக்குக் கடைக்கு வரும் தூக்க மாத்திரையில் மாவு இல்லை, சத்து சரியாகவே இருக்கிறது. சிக்கல், அந்தச் சரியான சத்து யார் உடம்புக்குள், எத்தனை நாளைக்கு, வேறு எந்த மாத்திரையோடு போகிறது என்பதில் இருக்கிறது. அதைக் கேட்கிற முதல் ஆள், வீட்டில் ஒருவராக இருக்க வேண்டும். இந்த வாரம் ஊருக்கு ஃபோன் பண்ணும்போது, சாப்பிட்டாச்சா என்று கேட்டதோடு, ராத்திரி என்ன மாத்திரை போடுறீங்க, எத்தனை நாளா போடுறீங்க என்றும் கேட்டுவிடுங்கள்.